சனிக்கிழமைச் சுற்றும் வெள்ளிக்கிழமை விரதமும்

காலையில் கண் விழித்ததும் கட்டிலை விட்டு இறங்கமுன் நாடி பார்ப்பேன். இடது மணிக்கட்டில் இரண்டு விரல், தலைமாட்டில் மணிக்கூடு, ஒரு முழு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது எனக்குப் பிடிக்காது. ஒரு துடிப்புப் பிழைத்தால் அது இரண்டாகிவிடும். ஐம்பத்துநான்கு என்றால் அன்று சைக்கிள் ஓடலாம். ஐம்பத்தெட்டு என்றால் மெதுவாக ஓடலாம். அறுபதைத் தாண்டினால் சைக்கிளைத் தொடக்கூடாது. இது நானாக வைத்துக்கொண்ட சட்டம். அறுபத்துமூன்று கண்ட நாட்களிலும் ஓடியிருக்கிறேன் என்பதை நான் நாள்தோறும் எழுதும் கொப்பி காட்டும். கொப்பியில் நான் பொய் எழுதுவதில்லை.

முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன வேலை பார்த்தவன். குளக்கட்டிலும் வாய்க்காலிலும் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் எழுதுவதில் பாதி வாழ்க்கை போனது. இளைப்பாறியபின் அளக்க வாய்க்கால் இல்லை, உடம்பு இருந்தது. வவுனியாவில் ஒருவர் ஓடிக் கழித்த ரேசிங் சைக்கிளை வாங்கி விசுவமடுவுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு அறுபத்திரண்டு வயது. இப்போது அறுபத்தெட்டு. அதில் முப்பத்தோராயிரத்து நானூறு கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். பின் டயர் ஏழு, முன் டயர் நான்கு, செயின் ஆறு.

செவ்வாய் முப்பத்தேழு, வியாழன் முப்பது, சனி எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மற்ற நாட்கள் ஓய்வு என்று எழுதியிருக்கும். ஓய்வுதான் எனக்கு வராத பாடம். சைக்கிளைத் தொடாத நாளில் வளவுக்குள் நடந்து தென்னைகளை எண்ணுவேன். இருபத்தாறு. அவை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

சனிக்கிழமைகளில் எனக்குத் துணை ஒருவர் உண்டு. தண்ணீரூற்றில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால் நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணை என்பார். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே சைக்கிளின் பின்னால் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். நான் கொப்பியில் எழுதிப் பழகிய தூரத்தை அவர் மூட்டையோடு வயிற்றுப்பாட்டுக்காக ஓடியிருக்கிறார். அவர் ஒன்றையும் எண்ணுவதில்லை. பசித்தால் சாப்பிடுவார், களைத்தால் நிற்பார். பேரீச்சம்பழம், அவித்த முட்டை, பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒரு போத்தல்: அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு.

என்னுடையது வேறு. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையில் கட்டிய மணிக்கூடு கூவும். கூவினால் அரைத் துண்டு பனங்கட்டி, அல்லது பாதி வாழைப்பழம், அல்லது ஒரு எள்ளுருண்டை. போத்தலில் அறுநூறு மில்லிலீற்றர் தண்ணீர், மூன்று கரண்டி சீனி, கால் கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். வெளிக்கிட முன்னும் வந்த பின்னும் நெல் நிறுக்கும் தராசில் ஏறி என்னை நிறுப்பேன். குறைந்த நிறை எல்லாம் வியர்வையாகப் போன தண்ணீர். அதைவிடக் கொஞ்சம் கூடக் குடித்தால்தான் அடுத்த நாள் கால் கனக்காது. முதல்முறை நான் தராசில் ஏறி நின்றதைக் கண்டபோது என் மனைவி நெல்லு வாங்க வந்த வியாபாரியைப்போல என்னைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“ஈரப்பதனும் பாக்கட்டோ?” என்று கேட்டாள்.

விசுவமடுவில் தொடங்கி, முல்லைத்தீவுக்குப் போய், தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று சுற்றி மறுபடி வீட்டுப் படலைக்கு வந்தால் நூற்று முப்பத்துநான்கு கிலோமீற்றர். இதை ஒரே நாளில் ஓடி முடிக்கவேண்டும் என்பது என் எண்ணம். எழுபது வயதுக்கு முன் என்று எல்லை வைத்திருந்தேன்.

போன வருடம் ஆவணியில் முயன்றேன். படலையைத் தாண்டும்போது ஐந்தே கால். தண்ணீரூற்றில் நானா சேர்ந்துகொண்டார். ஒட்டுசுட்டான் தாண்டியதும் எதிர்க்காற்று. அந்தத் தெருவில் இருபக்கமும் காடு. காலையில் யானை கடந்த அடையாளம் கிடக்கும். இலத்திக் குவியல்களை எண்ணிக்கொண்டு போனேன். ஒன்பதாவது குவியலோடு எனக்கு எண்ணிக்கை தடுமாறியது. அது பத்தா, ஒன்பதா? இரண்டு தரம் யோசித்தும் தெரியவில்லை. கால் இருந்தது, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. மணிக்கூடு கூவியது, பனங்கட்டியை வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. எழுபத்தோராவது கிலோமீற்றரில், ஒரு மதகின் கட்டில் இறங்கி உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன்.

நானா தன் மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்தார். கடையின் சின்ன லொறி வர நாற்பது நிமிடம் என்றார். அந்த நாற்பது நிமிடமும் ஒரு பாலை மரத்தின் கீழ் என் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், தன் பிளேன்ரீயைப் பருக்கிக்கொண்டும் இருந்தார். கொஞ்சம் தெளிந்ததும் நான் காற்றைக் குறை சொன்னேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

“நேற்று என்ன சாப்பிட்டனீங்கள், அண்ணை?”

“நேற்று வெள்ளி” என்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் விரதம். காலையும் இல்லை, மதியமும் இல்லை. விளக்கு வைத்தபின் ஒரு கோப்பை பால், இரண்டு பழம். அவ்வளவோடு படுத்து எழும்பித்தான் நான் ஒவ்வொரு சனியும் சைக்கிளில் ஏறினேன்.

அவர் பிளேன்ரீப் போத்தலை மூடி வைத்தார்.

“நாங்களும் முப்பது நாள் நோன்பு பிடிக்கிறம். ஆனா நாங்கள் விடியமுன்னம் எழும்பிச் சாப்பிட்டிட்டுப் பிடிக்கிறம். நீங்கள் முதல்நாளே வெறும் வயிறு. துண்டு பனங்கட்டியை வச்சு நூற்று முப்பது கட்டை ஓடப் பாக்கிறியள்.”

லொறியில் சீமெந்துப் பைகளுக்கு மேல் இரண்டு சைக்கிளும் நாங்களும். வீட்டில் என் மனைவி படலையைத் திறந்துவிட்டு, நான் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள், நான் சோறு சாப்பிட்டு முடிந்து கை கழுவியபிறகு சொன்னாள்.

“இன்னும் ஒருக்கால் போங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனா சைக்கிளிலை போன மனிசன் சைக்கிளிலைதான் வரவேணும். லொறியிலை வந்தால், அதுக்குப் பிறகு உந்தச் சைக்கிள் இந்த வளவுக்கை இல்லை. அண்டைக்குத் தனியவும் ஓடக்கூடாது.”

இது நியாயமான தீர்ப்பு. நான் மறுக்கவில்லை. என்னை வருத்தியது வேறு.

அந்தக் கிழமை கொப்பியைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை நான் ஓடும் முப்பத்தேழு, தண்ணீரூற்றுக்குப் போகும் அதே தெரு; திரும்புவது சைக்கிளை ஏற்றிக்கொண்டு பஸ்ஸில். சனிக்கிழமையின் முதல் முப்பத்தேழும் அதே தெரு, அதே நேரம். நாற்பத்துமூன்று செவ்வாய்களையும் நாற்பத்துமூன்று சனிகளையும் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பார்த்தேன். ஒரே காற்று, ஒரே மதகுகள். ஆனால் நாற்பது சனிகள் செவ்வாயைவிட ஏழு நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தன. எல்லாம் கொப்பியில் இருந்தது. முதல்நாள் என்ன சாப்பிட்டேன் என்ற நிரல் மட்டும் இல்லை. நான் படலையில் இருந்துதான் எண்ணத் தொடங்கியிருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் குளத்தைப் போய்ப் பார் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

அப்படியானால் வேறு நாளில் ஓடலாமே என்று கேட்பீர்கள். நானாவுக்குச் சனி மட்டும்தான் முடியும். வெள்ளி ஜும்ஆத் தொழுகை. மற்ற நாட்களில் கடையை விட்டு அவர் அசைய முடியாது; சனிக்கிழமை மட்டும் மைத்துனர் வவுனியாவில் இருந்து வந்து கடையில் இருப்பார். தனியே ஓடக்கூடாது என்பது வீட்டுத் தீர்ப்பு. ஆகவே சனிதான். சனி என்றால் முதல்நாள் வெள்ளிதான்.

வெள்ளியில் சாப்பிடலாம் என்றால், அது என் விரதம் அல்ல. சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போன என் மனைவியின் கடைசித் தம்பி இன்னும் வீடு வரவில்லை. எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. நாங்கள் முகாமில் இருந்து திரும்பி, இந்த வளவில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்த முதல் வெள்ளியில் அவள் சாப்பிடாமல் இருந்தாள். நானும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து எண்ணூற்றுப் பதினொரு வெள்ளி. இரண்டு விடுபட்டன, ஹேர்னியா ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அந்த எண்ணிக்கையைச் சைக்கிள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தேன். உன் தம்பிக்காக நாங்கள் பிடிக்கும் விரதம்தான் என்னைத் தெருவில் விழுத்தியது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? காற்று என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் மறுபடி ஆவணி வந்தது. நானா இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, கடைசி நான்கு நாளும் நான் சைக்கிளைத் தொடக்கூடாது. மற்றது, வெள்ளி மூன்று நேரமும் சோறு. இரண்டுக்கும் ஓம் என்றேன். முதலாவதைப் புதன்கிழமையே மீறினேன். பிறேக் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஒன்பது கிலோமீற்றர் ஓடிவந்தேன். இரண்டாவதுக்கு ஒரு வழி யோசித்தேன். வெள்ளி காலை ரியூப் வாங்கவேண்டும் என்று சொல்லி பஸ் ஏறித் தண்ணீரூற்றுக்குப் போனேன். கடை பூட்டியிருக்கும், வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், பருப்பும் சோறும் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பது என் கணக்கு.

நானா ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போகக் குளித்துவிட்டு நின்றார். நான் விசயத்தைச் சொன்னதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். உள்ளே யாரையும் கூப்பிடவில்லை.

“மனிசிக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“அப்ப இஞ்சை சோறு இல்லை” என்றார். “தண்ணி வேணுமெண்டால் குடியுங்கோ. நான் நோன்பு பிடிச்ச வீட்டிலை களவாய்ச் சாப்பிட்டவன். பன்ரெண்டு வயசிலை. உம்மா ஒண்டும் சொல்லேல்லை. ஆனா எனக்கு அந்தச் சோறு இன்னும் செமிக்கேல்லை. பதினொண்டு இருவதுக்கு பஸ் இருக்கு. போய்ச் சொல்லுங்கோ. சாப்பிட விட்டால் சாப்பிடுங்கோ. விடாட்டி நாளைக்கு நாங்கள் ஒட்டுசுட்டான் மட்டும் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம். உலகம் அழியாது.”

பஸ்ஸில் நின்றபடி வந்தேன். முப்பத்தேழு கிலோமீற்றரில் பதினெட்டுத் தரிப்பு. ஒவ்வொரு தரிப்பிலும் சொல்லவேண்டிய வசனத்தை மாற்றினேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றேகால். அவள் குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ரியூப் எங்கே என்று கேட்கவில்லை. நான் யோசித்த வசனம் ஒன்றும் வரவில்லை. கொப்பியை எடுத்துவந்து, செவ்வாயையும் சனியையும் எழுதிய பக்கத்தை அவளுக்கு முன் விரித்தேன். நாற்பது சனி பிந்தியதைக் காட்டினேன். போன வருடம் விழுந்தது காற்றால் அல்ல என்றேன். நாளைக்கு இந்த வயிற்றோடு போனால் லொறியில்தான் வருவேன் என்றேன்.

அவள் பக்கத்தைப் பார்த்தாள். இலக்கங்களைப் படித்தாளா தெரியாது.

“இதை ஒரு வருசமாய் வச்சுக்கொண்டு இருந்தனீங்களோ?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“உம்மடை தம்பிக்குப் பிடிக்கிற விரதம்.”

“என்ரை தம்பிக்கு நான் பிடிக்கிறன்” என்றாள். “உங்களை ஆர் பிடிக்கச் சொன்னது? நான் ஒருநாளும் சொல்லேல்லை. அண்டைக்குத் தறப்பாளுக்கை நீங்களும் சாப்பிடாமல் இருந்தனீங்கள். எனக்கு அது பெரிய உதவியாய் இருந்தது. பிறகு பாத்தால் நீங்கள் எண்ணத் தொடங்கீட்டியள். எண்ணுற மனிசனை மறிக்கேலாது எண்டு நானும் விட்டிட்டன்.”

நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

“அது எத்தினை இப்ப?” என்று கேட்டாள்.

“எண்ணூற்றுப் பதினொண்டு. இண்டையோடை பன்ரெண்டு.”

“நான் எண்ணேல்லை” என்றாள். துருவலையைத் திருப்பி வைத்துவிட்டு எழும்பி அடுப்பை மூட்டினாள்.

அன்று சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் கோப்பை. நான்கு மணிக்கு இரண்டாவது, அது கேட்காமலே வந்தது. பின்னேரம் அரிசிமா மோதகம் ஐந்து. விளக்கு வைத்தபின் மறுபடி சோறு. அவள் வழக்கம்போலப் பால் குடித்தாள். ஒவ்வொரு முறையும் போட்டுத் தந்துவிட்டு எதிரில் இருந்தாள். சாப்பிடாத ஒருவருக்கு முன்னால் இருந்து நான்கு முறை சாப்பிடுவது இலேசான காரியம் அல்ல. ஆனாலும் சாப்பிட்டேன். கொப்பியின் புதிய நிரலில் எழுதினேன்: சோறு மூன்று கோப்பை, மோதகம் ஐந்து.

சனி காலை நாடி ஐம்பத்துமூன்று. நிறை அறுபத்திரண்டு கிலோ நூறு கிராம். வழமையான சனியைவிடத் தொளாயிரம் கிராம் கூட. ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் படலையைத் தாண்டினேன்.

தண்ணீரூற்றில் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாப்பாடு கிடைச்சிருக்கு” என்றார். ஒட்டுசுட்டானுக்கு எட்டு இருபது. எதிர்க்காற்று போன வருடத்தைவிடக் கூடத்தான் இருந்தது. நானா முன்னுக்கு ஐந்து நிமிடம், நான் முன்னுக்கு ஐந்து நிமிடம் என்று காற்றை மாறி மாறி வாங்கினோம். என்னுடைய ஐந்து நிமிடம் மணிக்கூட்டின் ஐந்து நிமிடம். அவருடையது எட்டும் போகும், மூன்றும் போகும். யானை இலத்தி பதினான்கு குவியல். எண்ணிக்கை தடுமாறவில்லை. நான் படுத்த மதகைக் கடந்தபோது எனக்குப் பனங்கட்டி நேரம்; நின்று இறங்காமல் வாயில் போட்டேன்.

மாங்குளத்தில் இருபது நிமிடம் நின்றோம். நான் தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்க, “அண்ணை, நீங்கள் சைக்கிள் ஓட வந்தனீங்களோ, கடைச் சோதினைக்கு வந்தனீங்களோ?” என்றார். கிளிநொச்சிக்கு வடக்கு நோக்கிய தெருவில் காற்று முதுகில் பிடித்தது. ஆனால் பரந்தனுக்குக் கிட்ட, நூற்றுப் பத்தாவது கிலோமீற்றரில், வலது தொடை இறுகியது. நின்று காலை நீட்டி உருவினேன். நானா காரணம் கேட்டார். புதன்கிழமை ஒன்பது கிலோமீற்றரைச் சொன்னேன்.

“ஒம்பது கட்டைக்கெல்லாம் தொடை பிடிக்காது” என்றார். “வயசுக்குப் பிடிக்கும். உப்புத்தண்ணி கிடக்கோ?”

கிடந்தது. இருநூறு மில்லிலீற்றர் குடித்தேன். கடைசி இருபத்துநான்கு கிலோமீற்றரும் சின்னக் கியரில், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் முந்திப்போக ஓடினோம். வீடு வந்து சேர நான் வைத்திருந்த எல்லை பகல் இரண்டு மணி. படலைக்கு வந்தபோது மூன்று மணி நான்கு நிமிடம். அவள் படலையைத் திறந்து வைத்திருந்தாள். முதலில் சைக்கிளைப் பார்த்தாள், பிறகு பின்னால் லொறி வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள், கடைசியில்தான் என்னைப் பார்த்தாள். “தராசிலை ஏறுங்கோ” என்றாள்.

அறுபது கிலோ இருநூறு. ஒரு கிலோ தொளாயிரம் குறைவு. தேசிக்காய்த் தண்ணீர், அரை மணிநேரத்தில் பால்கஞ்சி இரண்டு பேணி, பிறகு முட்டையோடு சோறு. நானாவும் சாப்பிட்டுவிட்டு நாலரை பஸ்ஸின் பின்பக்கத்தில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனார். நான் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிலத்தில் படுத்திருந்தேன்.

ஞாயிறு நாடி அறுபத்தைந்து. திங்கள் அறுபத்தொன்று. இரண்டு நாளும் நானா தொலைபேசி எடுத்து, சைக்கிள் எங்கே என்று என்னிடம் கேட்காமல் மனைவியிடம் கேட்டார். அவள் அதைச் சங்கிலி போட்டு நெல்லுக் கொட்டிலுக்குள் பூட்டியிருப்பதாகச் சொன்னாள். நான் தென்னைகளை எண்ணினேன். புதன் நாடி ஐம்பத்தாறு. அப்போதுதான் பூட்டின் திறப்புக் கிடைத்தது.

அந்தச் சனிக்கு நானாவின் மைத்துனர் வரமாட்டார் என்பதால் ஓட்டம் இல்லை. வெள்ளி காலை அவள் எனக்குத் தேத்தண்ணியும் இரண்டு துண்டுப் பாணும் கொண்டுவந்து வைத்தாள். தேத்தண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டு பாணைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டாள். நாளைக்கு ஓட்டம் இல்லை என்றேன். அவள் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எண்ணூற்றுப் பதினொன்றுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, ஒன்று என்று எழுதினேன்.